முதுமைக்குப் பொறுப்பு யார்?



நம் இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் ஹூண்டாய் ஆலை, நம் சட்டைப் பையில் இருக்கும் சாம்சங் செல்போன், இவற்றின் வழியாகத்தான் தென்கொரியாவை நமக்குத் தெரியும். 1953-இல் கொரியப் போர் நின்றபோது சோற்றுக்கே திண்டாடிய நாடு அது. 1996-இல் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியில் உறுப்பினராகிவிட்டது. ஒரு தலைமுறையின் உழைப்பு அந்த நாட்டை அங்கே தூக்கி வைத்தது. அந்தத் தலைமுறைக்கு இன்று என்ன கதி என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தென்கொரியாவில் 65 வயதைக் கடந்தவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் வறுமையில் இருக்கிறார்கள். நாட்டு மக்களை வருமான வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவருக்குக் கிடைப்பதில் பாதிகூட இவர்களுக்கு இல்லை. ஓஇசிடி நாடுகளிலேயே முதியோர் வறுமையில் முதலிடம் தென்கொரியாவுக்குத்தான்.

சியோல் நகரத் தெருக்களில் கைவண்டி தள்ளும் பாட்டிகளைப் பார்க்கலாம். கடை வாசலில் வீசிய அட்டைப்பெட்டியை எடுத்து, பிரித்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி, வண்டியில் தலைக்கு மேல் உயரமாக அடுக்கிக் கயிறு கட்டி, பஸ்ஸும் காரும் பறக்கிற சாலையோரமாகவே பழைய பேப்பர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இப்படி அட்டை பொறுக்கும் முதியவர்கள் சுமார் 42,000 பேர் என்று 2023-இல் அந்நாட்டு அரசே கணக்குச் சொன்னது. அவர்களின் சராசரி வயது 76! ஒரு கிலோ அட்டைக்கு அப்போது கிடைத்தது, அந்நாட்டு நாணயத்தில் 74 வொன். ஒரு மணி நேர வேலைக்கு அந்த ஆண்டு சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 9,620 வொன். நூறு கிலோ சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய் எடை போட்டாலும் 7,400 வொன்தான். ஒரு மணி நேரக் கூலிகூடத் தேறவில்லை.

இவர்கள் சோம்பி இருந்தவர்களா? இல்லை. சம்பாதித்ததைப் பிள்ளைகளின் படிப்பில் கொட்டியவர்கள். ஆனால் தேசிய ஓய்வூதியத் திட்டம் தொடங்கியதே 1988-இல்தான். நகரத்துச் சிறு வியாபாரிகள் வரை அது வந்து சேர 1999 ஆகிவிட்டது. 2023-இல் 76 வயதானவருக்கு அப்போது 52 வயது. எத்தனை ஆண்டு சந்தா கட்டியிருக்க முடியும்? வீட்டிலேயே உழைத்துத் தேய்ந்த பெண்ணுக்குப் பெரும்பாலும் அந்தக் கணக்கில் பெயரே கிடையாது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2000-இல் வறியவர்களுக்கான வாழ்வாதாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மனுப் போட்ட முதியவரிடம், உங்களுக்குப் போதிய வருமானமுள்ள பிள்ளை இருக்கிறாரா என்று பார்த்தார்கள். இருந்தால் பெரும்பாலும் உதவி மறுக்கப்பட்டது. அந்தப் பிள்ளை பத்துப் பைசா தராவிட்டாலும், முகம் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தாலும், ஏட்டில் பிள்ளை இருந்ததே போதும், பெற்றவர் பட்டினி கிடக்க! இந்த விதியைப் பெருமளவு நீக்க 2021 வரை ஆனது.

பெற்றோரைப் பேணுவது பிள்ளையின் கடமை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கடமையைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து கழன்றுகொண்டால், நடுவில் நசுங்குவது முதியவர்தான். மகனும் வீட்டுக் கடனிலும் குழந்தைப் படிப்பிலும் திணறிக்கொண்டிருக்கும்போது யார் யாரைத் தாங்குவது?

வழி இருக்கிறது என்பதையும் அதே நாடு காட்டியிருக்கிறது. 2014-இல் முதியோரில் பத்துக்கு ஏழு பேருக்கு மாதந்தோறும் அடிப்படை ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஏறக்குறையப் பாதிப் பேரை வாட்டிய வறுமை இப்போது நாற்பது சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது. தொகை போதாது, உண்மை. ஆனால் சட்டம் கை கொடுத்தால் வறுமை குறையும் என்பது நிரூபணமாகிவிட்டது.

நாடு முதலில் பணக்கார நாடாகட்டும், முதியோரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், தென்கொரியாவைக் காட்டுங்கள். பணம் வந்தது, அது தானாக நடந்து பாட்டியின் வீட்டுக்குப் போகவில்லை. சாலை போட்டவருக்கும், தையல் இயந்திரத்தில் கண்ணைத் தொலைத்தவருக்கும் கொடுக்கும் ஓய்வூதியம் தானமல்ல, கூலி பாக்கி. அந்தப் பாக்கியை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தீர்க்க வேண்டும் என்று எல்லா அரசுகளிடமும் உரக்கக் கேட்போம்.