வைப்பாற்றங்கரையில் வளையல் அறுத்த ஊர்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் வழிநெடுகப் பட்டாசு ஆலைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாதென்று சின்னச் சின்ன அறைகளாகத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். அவற்றைத் தாண்டி விஜயகரிசல்குளத்துக்கு வாருங்கள். வைப்பாற்றின் வடகரையில் ஒரு மேடு. மேட்டுக்காடு என்கிறார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே அகழாய்வைத் தொடங்கியது. 2024-இல் மூன்றாம் கட்டமும் நடந்தது.

கோட்டை, கொத்தளம் என்று எதிர்பார்த்து வராதீர்கள். இது உழைத்தவர்களின் இடம். சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. வளையல் மட்டும் கிடைத்திருந்தால் யாரோ வாங்கி அணிந்தார்கள் என்று விட்டுவிடலாம். முழுச் சங்கும் அறுத்த சங்கும் கழிவுத் துண்டுகளும் சேர்ந்து கிடைத்ததால்தான், இங்கேயே பட்டறை இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

அந்த வேலை லேசானதல்ல. சங்கின் முனையைத் தட்டி, உள்ளே முறுக்கி நிற்கும் தண்டை எடுத்துவிட்டு, வயிற்றுப் பகுதியை வாளால் வளையம் வளையமாக அறுக்க வேண்டும். அறுத்ததைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கி, பிறகு கோடு கீற வேண்டும். ஒரு சங்கில் சில வளையங்கள்தாம் தேறும். கை சற்றுப் பிசகினாலும் உடைந்துபோகும். உடைந்த ஒரு துண்டின் விளிம்பை உற்றுப் பாருங்கள், அறுத்தவரின் கைப்பழக்கம் அதில் தெரியும். எனக்குத் தங்கத்தைவிட அந்தத் துண்டுதான் பெரிது.

கடலோரத்துச் சங்கு கரிசல் காட்டுக்கு எப்படி வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் வைப்பாறு சாத்தூர் வழியாக ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த ஆற்றங்கரையையே பாதையாகக் கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கிடைத்த பொருள்களுக்கு அங்கேயே கண்காட்சி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள் என்று பார்க்க நிறைய உண்டு. திமிலுள்ள காளையைச் செதுக்கிய சூதுபவளக் கல்லும் இந்த மேட்டில் கிடைத்ததுதான். இத்தனை சிறிய கல்லில் அந்தக் காளை எப்படித் துள்ளுகிறது!

குழந்தைகளோடு போனால் மேட்டில் கிடக்கும் பானை ஓட்டை எடுத்துப் பையில் போட விடாதீர்கள். கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் அதற்குப் பொருள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், கரிசல் மண் காலை விடாது. கையில் இன்னொரு நாள் இருந்தால் தூத்துக்குடிக்கும் போய்வாருங்கள். அங்கே இன்றும் சங்கு குளிக்கிறார்கள். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய், மணமான பெண்களின் கையில் வளையலாகிறது.