யானைக்கு அடைக்கலம், உழைத்தவளுக்கு?



மலையகத் தமிழ்ப் பெண்களின் உழைப்பையும் வாழ்வையும் ஆராய்ந்து, மானிடவியலாளர் மைத்திரி ஜெகதீசன் அவர்கள் 2019ஆம் ஆண்டு நூலொன்று வெளியிட்டார். அவ்வாராய்ச்சி காட்டும் வழியில் சப்பிரகமுவைத் தோட்டங்களை இன்று நாம் நோக்குவோம்.

கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975ஆம் ஆண்டு, தாயிழந்த யானைக் கன்றுகளுக்கு அரசு காப்பகம் அமைத்தது. நற்செயல், நாம் குறைகூறோம். அதே ஆண்டில்தான் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. ஆனால் அத்தோட்டங்களில் கொழுந்து பறித்தும் இறப்பர் மரத்தில் பால் வெட்டியும் தேய்ந்த பெண்ணுக்கு ஒரு பிடி மண் உரிமையாயிற்றா? 1948இல் அவள் குடியுரிமை பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவளைக் கேட்டவர் எவர்? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் வன்முறை மூண்டது. லயங்களை விட்டோடியவர் பலர். ஆணுக்குச் சமமான நாட்கூலி அவளுக்குக் கிடைத்தது 1984இல்தான்!

இனி, காட்டுவிலங்கின் நிலை யாது? சிவனொளிபாத மலையின் ஒருபுறம் இரத்தினபுரி, மறுபுறம் நல்லதண்ணி. அங்கே லக்சபானத் தோட்டத்தில் 2020 மே மாதம், கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கி, சில நாட்களில் மாண்டது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுபவை. ஓரிரவில் பன்றி கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டால் குடும்பம் படும் பாட்டை, உழவர்களாகிய நீங்கள் அறிவீர்கள். ஆயினும் பன்றி எது, சிறுத்தை எது என்று கம்பி அறியாது.

1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் சிறுத்தையைக் காக்க நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் தேயிலை நிரைகளுக்கிடையே நாள்தோறும் நடப்பவள் கொழுந்து பறிப்பவளே. சுருக்கை முதலில் காணக்கூடியவள் அவள். சிறுத்தையின் சீற்றத்துக்கு முதலில் ஆளாகக்கூடியவளும் அவளே. தண்டனையை மட்டும் சொல்லி அவளை அச்சுறுத்தினால், அவள் வாய் திறப்பாளா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வீட்டுக்கும் தோட்டத்துண்டுக்கும் உரிய உறுதிப்பத்திரத்தில் பெண்ணின் பெயரும் இடம்பெற வேண்டும். பன்றி அழித்த பயிருக்கு இழப்பீடு வேண்டும். சுருக்ககற்றும் பணியில் தோட்டப் பெண்களுக்குக் கூலியும் குரலும் வேண்டும். வழக்கறிஞர்களே, பத்திரங்களை எழுத முன்வாருங்கள். ஆசிரியர்களே, சட்டத்தை அவர்கள் மொழியில் விளக்குங்கள்.

யானைக்கன்றுக்கு இரங்கிய நாடு, அந்த மலையைத் தன் முதுகில் சுமந்தவளுக்கும் நீதி வழங்கட்டும்.