யார் யூ, யார் டீவீ?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பசங்களுக்குப் பிரயோஜனமா பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். முன்னேறுவது எப்படி என்று பேச எனக்குத் தகுதி கிடையாது. பகுதித் தொகையிடல் பற்றிப் பேசுகிறேன். (சிரிக்கிறவர்கள் அரியர் வைத்தவர்களாகத்தான் இருக்கும்.)

வகையிடலின் பெருக்கல் விதியைத் திருப்பிப் போட்டால் வருவது இது. 1715-லேயே புரூக் டெய்லரின் புத்தகத்தில் அச்சேறிவிட்டது. யூ டீவீயின் தொகை வேண்டுமா? யூவீயிலிருந்து வீ டீயூவின் தொகையைக் கழி. அவ்வளவுதான். தலைவலியெல்லாம் எதை யூ என்று வைப்பது என்பதில்தான். எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸில், எக்ஸை யூ ஆக்கினால் வகையிட்டதும் அது ஒன்றாகிவிடும். இரண்டே வரியில் விடை. மாற்றி வைத்தால் எக்ஸ் ஸ்கொயர் வந்து நிற்கும்.

அதற்காகத்தான் 'ஐலேட்' என்று மனப்பாடம் செய்தோம்: இன்வர்ஸ், லாகரிதம், அல்ஜீப்ரா, டிரிக்னாமெட்ரி, எக்ஸ்போனென்ஷியல். வரிசையில் முந்தி வருவது யூ. பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கத்து டீக்கடையில், எக்ஸ் கியூப் இன்டு ஈ பவர் எக்ஸ் ஸ்கொயரை வைத்துக்கொண்டு நாலு பேர் முழித்தோம். ஐலேட்படி எக்ஸ் கியூப் யூ. மிச்சம் ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர். அதன் தொகையை நாம் படித்த சார்புகளால் எழுதவே முடியாது. மூன்றாவது டீயில் ஒருத்தன், "ஒரு எக்ஸை அந்தப் பக்கம் குடுங்கடா" என்றான். எக்ஸ் ஸ்கொயர் யூ. எக்ஸ் இன்டு ஈ பவர் எக்ஸ் ஸ்கொயர் டீவீ. இதன் தொகை, ஈ பவர் எக்ஸ் ஸ்கொயரில் பாதி. கணக்கு முடிந்தது. எதை வகையிடலாம் என்பதற்கு முன்னால் எதைத் தொகையிட முடியும் என்று பார்க்கணும். ஐலேட் அதைச் சொல்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறு மாதிரி மாட்டினேன். பீம் வளைவதற்கான சமன்பாட்டில் நான்காம் வகைக்கெழு வரும். நாமே தேர்ந்தெடுத்த ஒரு சார்பால் பெருக்கி, பகுதித் தொகையிடலை இரண்டு தடவை போட்டால், பாதிச் சுமை அந்தச் சார்பின் தலைக்கு மாறி, இரண்டாம் வகைக்கெழுவே போதும் என்றாகும். ஃபைனைட் எலிமென்ட் முறையின் அஸ்திவாரம் இதுதான். நான் எழுதிய சின்ன புரோகிராமில், இரண்டு ஓரத்திலும் வரும் யூவீ எப்படியும் பூஜ்யம்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு முனை சுவரில் பதிந்த கேன்டிலீவர், மறுமுனையில் எடை. புரோகிராம் சொன்ன தொய்வு பூஜ்யம். எடையை இரட்டிப்பாக்கினேன். அப்பவும் பூஜ்யம்! எட்டிப்பார்த்த சீனியர், "எடையையே அடிச்சிட்டியேப்பா" என்றார். சுவர்ப் பக்கம்தான் யூவீ பூஜ்யம்; அந்தப் பக்கத்து யூவீக்குள்தான் எடையே உட்கார்ந்திருந்தது. சேர்த்துப் போட்டதும், கல்லூரியில் படித்த அதே பீஎல் கியூப் பை 3ஈஐ வந்தது.

ஈ பவர் எக்ஸ் இன்டு சைன் எக்ஸில் எதை யூ ஆக்கினாலும் சரி. ஆனால் இரண்டாம் தடவை கட்சி மாறினால் பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள். டீக்கடை நால்வரில் மூன்று பேர் இங்கேதான் இருக்கிறோம். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் பிடித்துக்கொள்ளுங்கள்.