தனியே காடு செல்வோர்க்கு



பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர் இடந்தோறும் தவறாமற் செய்யும் வேலை ஒன்று உண்டு. வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் தலைகளை எண்ணுகிறார். நாற்பது பேர் புறப்பட்டோம்; நாற்பது பேரும் இருக்கின்றனரா? ஒரு தலை குறைந்தாலும் வண்டி நகராது. பல்லாண்டுகள் நானும் இவ்வாறு எண்ணியவனே. தாம் எண்ணப்படுவதைப் பிள்ளைகள் பெரிதாகக் கருதுவதில்லை. ஆயினும், அவர்களைக் காப்பது அந்த எண்ணிக்கையே. காட்டுக்குத் தனியே செல்பவனை எண்ணுவதற்கு ஆளில்லை. மாலையில் அவன் திரும்பாவிட்டால், திரும்பவில்லை என்பதே ஒருவருக்கும் தெரியாமற் போகலாம். அவனுடைய இடர்களுள் தலையாயது இதுவே.

தனி வேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ஜிம் கார்பெட். 1875இல் நைனிடாலில் பிறந்த அவர், குமாவோன், கர்வால் மலைப்பகுதிகளில் மக்களைக் கொன்றுவந்த புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்றவர். ருத்ரபிரயாகைச் சிறுத்தையை அவர் 1926இல் வீழ்த்தினார். ஆட்கொல்லியைத் தேடும்போது தனியே செல்வதையே அவர் விதியாகக் கொண்டிருந்தார். துணைக்கு வருபவன் வெறுங்கையுடன் வந்தால் அவனைக் காப்பது கடினம்; துப்பாக்கியுடன் வந்தாலோ அவனிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்வது அதனினும் கடினம் என்பது அவர் காட்டிய காரணம். கேட்போர்க்கு நகைப்பு வரலாம். ஆனால், அதில் உண்மை இருக்கிறது. இளமை முதல் காட்டைப் பயின்றவர் கார்பெட். காற்றின் போக்கையும், மானும் குரங்கும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலையும் கொண்டே விலங்கின் இருப்பிடத்தை உணரத் தெரிந்தவர். அந்தத் தேர்ச்சியை விடுத்து அவருடைய தனிமையை மட்டும் பின்பற்றுவது அறிவுடைமை ஆகாது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் உரிமம் பெற்று மான் வேட்டையாடும் வழக்கம் இன்றும் உண்டு. இலையுதிர் காலத்தில் தனியே காடு புகுவோரும் அங்கே பலர். அவர்கள் கற்றுக்கொள்ளும் பாதுகாப்புப் பாடங்கள், மலையேறச் செல்வோர்க்கும் பறவைகளைக் காணச் செல்வோர்க்கும் பயன்படக் கூடியவை. ஆதலால் அவற்றை இங்கே சொல்கிறேன்.

அக்காடுகளில் தனி வேட்டைக்காரன் முதலில் அஞ்ச வேண்டியவை மூன்று: வீழ்ச்சி, குண்டு, குளிர்.

மானுக்காகக் காத்திருப்பவன் மரத்தில் பரண் அமைத்து ஏறி அமர்கிறான். ஏறும்போதோ, உறக்கக் கலக்கத்திலோ தவறி விழுந்தால் எலும்பு முறியும். எனவே, தரையிலிருந்து கால் எடுத்தது முதல் மீண்டும் தரையில் கால் வைக்கும் வரை, உடலை மரத்தோடு பிணைக்கும் வார்க்கச்சையை அவன் அணிந்திருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறலாகாது. குண்டுகளை நீக்கிக் கயிற்றில் கட்டி வைத்துவிட்டு, மேலே சென்று அமர்ந்த பின்னரே அதனை இழுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பிறர் சுடும் குண்டு. இதற்காகவே ஒளிவீசும் செம்மஞ்சள் நிற மேலாடையை அணிகின்றனர். மானின் கண்ணுக்குச் செந்நிறத்தைப் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. மனிதக் கண்ணுக்கோ அந்நிறம் நெடுந்தொலைவிலேயே புலப்படும். வேட்டைக்கு இடையூறின்றி உயிரைக் காக்கும் எளிய வழி இது.

மூன்றாவதான குளிர், ஓசையின்றி வரும் பகை. உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. நனைந்த ஆடை உடலின் வெப்பத்தை விரைந்து கவர்ந்துவிடும். பருத்தி நனைந்தால் பயன்படாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும். முதலில் நடுக்கம் தோன்றும். பிறகு விரல்கள் சொன்னபடி கேளா. அதன்பின் அறிவு தடுமாறும். அறிவு தடுமாறியவன் தன் தடுமாற்றத்தைத் தானே எவ்வாறு அறிவான்? அருகில் ஒருவன் இருந்தால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். தனியனுக்கு அந்தக் கண்ணாடி இல்லை. ஆகவே, முதல் நடுக்கத்திலேயே அவன் நின்று, உலர்ந்த ஆடையை மாற்றி, தீ மூட்ட வேண்டும்.

வழி தவறிவிட்டால் செய்ய வேண்டியவற்றை நான்கு சொற்களில் அடக்கலாம்: நில், எண்ணு, நோக்கு, திட்டமிடு. அச்சத்தால் ஓடுகிறவன் தேடி வருவோரிடமிருந்தே விலகி ஓடுகிறான். இருந்த இடத்திலேயே இருப்பவனைக் கண்டுபிடிப்பது எளிது. பையில் ஒரு விசில் இருக்கட்டும். கூவினால் தொண்டை விரைவில் கட்டிவிடும். விசிலை நெடுநேரம் ஊதலாம். மும்முறை ஊதி, இடைவெளி விட்டு, மீண்டும் மும்முறை ஊதுவது உதவி வேண்டும் என்பதற்கு அடையாளம். ஈரம் புகாத உறையில் தீப்பெட்டி, டார்ச் விளக்கு, குருதியை அழுத்தி நிறுத்தத் தூய துணி, தண்ணீர், காற்றையும் மழையையும் தடுக்கும் விரிப்பு ஆகியவை அரைநாள் பயணத்துக்கும் வேண்டியவை.

நண்பர்களே, ஒன்றை மறந்ததால் ஒருவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஆரன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்கர் மலையேற்றத்தில் தேர்ந்தவர். வயது 27. 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் யூட்டா மாநிலத்தில் புளூஜான் என்னும் குறுகிய பள்ளத்தாக்கினுள் தனியே இறங்கினார். பாறை ஒன்று பெயர்ந்து அவருடைய வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அதன் எடை ஏறத்தாழ 360 கிலோ. தம் திறமை முழுவதையும் காட்டியும் கையை அவரால் விடுவிக்க முடியவில்லை. தாம் போகும் இடத்தை அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை! சிறிதளவு தண்ணீருடன் 127 மணி நேரம் அங்கே கிடந்தார். ஆறாம் நாள், மழுங்கிய சிறு கத்தியால் தம் முன்கையைத் தாமே அறுத்துக்கொண்டு வெளியேறினார். வெளியில் நடந்து வந்தவரை வழிப்போக்கர் கண்டனர். காணாமற்போனவரைத் தேடத் தொடங்கியிருந்த ஹெலிகாப்டர் அவரை ஏற்றிச் சென்றது. அவர் பிழைத்தார். அவருடைய மனவுறுதியை உலகம் போற்றியது, அது போற்றத்தக்கதே. ஆயினும், வீட்டில் ஒரு துண்டுச் சீட்டை எழுதி வைத்திருந்தால், அத்தகைய உறுதிக்கே தேவை நேராதிருந்திருக்கலாம்.

அச்சீட்டில் எழுத வேண்டியவை சில வரிகளே. எங்கே போகிறேன், எவ்வழியே போகிறேன், வண்டியை எங்கே நிறுத்துவேன், என்ன நிற ஆடை அணிந்திருக்கிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்குமேல் வராவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும். எழுதிய பிறகு, மனம்போல வழியை மாற்றலாகாது. மாற்றினால் தேடுவோர் ஒரு திசையிலும் நாம் வேறு திசையிலும் இருப்போம். திரும்பியதும் ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லிவிட வேண்டும். சீட்டை வாங்கிக்கொண்டவருக்கும் கடமை உண்டு. குறித்த நேரம் கடந்தபின், ‘எப்படியும் வந்துவிடுவான்’ என்று அவர் வாளா இருத்தல் கூடாது.

கைபேசி இருக்கிறதே என்பீர்கள். அடர்ந்த காட்டிலும் பள்ளத்தாக்கிலும் அது பல வேளைகளில் ஊமையாகிவிடும். குளிரில் மின்கலமும் விரைவில் சோர்ந்துவிடும். இதற்கென்றே கைக்கடக்கமான இடர்க்குறிக் கருவிகள் உள்ளன. அவை அனுப்பும் குறியைச் செயற்கைக்கோள்கள் வாங்கி மீட்புக் குழுவினர்க்கு உணர்த்தும். அமெரிக்கா, கனடா, பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகள் தொடங்கிய கோஸ்பாஸ்–சார்சாட் என்னும் அமைப்பு இப்பணியைச் செய்கிறது. 1982 செப்டம்பரில், கனடாவில் சிறு விமானம் விழுந்து காட்டில் சிக்கிய மூவரை இது முதன்முதலாகக் காப்பாற்றியது. பகைமை கொண்டிருந்த வல்லரசுகளும் வழி தவறிய மனிதனுக்காகக் கைகோத்தன என்பது நினைக்கத்தக்கது. ஆனால், அக்கருவியும் பொத்தானை அழுத்தக் கை இருந்தால்தான் பேசும். நினைவிழந்து கிடப்பவனுக்காகப் பேசக்கூடியது வீட்டில் இருக்கும் அந்தச் சீட்டு ஒன்றே.

தனிமை தீதன்று. காட்டின் அமைதியைத் தனியே நின்று கேட்டவனுக்கு அதன் இனிமை தெரியும். தனியே செல்லலாம், ஒருவரும் அறியாமற் செல்லலாகாது. புறப்படுமுன், உங்கள் தலையை எண்ணுவதற்கு ஒருவரை வைத்துவிட்டுச் செல்லுங்கள்.