கற்பனையின் ஏற்றமும் இறக்கமும்

பேசாலைக் கரையில் வாழ்வோருக்குக் கடலின் ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. மக்கள் மனத்திலே கதைகளும் அவ்வாறே ஏறி இறங்குகின்றன. நம் நாட்டோடு தொடர்புள்ள விஞ்ஞானக் கதைவரிசை ஒன்றை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

1956ஆம் ஆண்டு இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பில் மறைந்தவர் ஆதர் சி. கிளார்க். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அவர் படைத்த '2001' என்னும் விண்வெளிக் கதை, 1968இல் திரைப்படமாகவும் நாவலாகவும் வெளிவந்தது. பொருள் விளங்கவில்லை என்று சிலர் குறை கூறினர். இளைஞரோ திரண்டு சென்று பார்த்தனர். மறு ஆண்டிலேயே மனிதன் சந்திரனில் கால் வைத்தான். கதையின் புகழும் வானளாவியது.

ஆனால் 1972 டிசம்பரோடு சந்திர யாத்திரைகள் நின்றன. 1979இல் வொயேஜர் கலங்கள் வியாழனின் துணைக்கோள்களைப் பற்றி அனுப்பிய செய்திகளைக் கொண்டு, கிளார்க் 1982இல் இரண்டாம் நாவலை எழுதினார். 1987இலும் 1997இலும் மேலும் இரண்டு வந்தன. எனினும் முதற் கதை அளித்த வியப்பு மீளவில்லை. அப்படத்தில் விண்வெளிக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற பான் ஆம் விமானக் கம்பனி, 1991இலேயே மறைந்துபோயிற்று. 2001ஆம் ஆண்டும் வந்தது. சந்திரனில் குடியிருப்பு எதுவும் எழவில்லை.

பேசாலையில் உருவங்களைக் கொண்டு காட்டப்படும் 'உடக்குப் பாஸ்' நாடகத்தின் முடிவை அறியாதார் யார்? ஆயினும் மக்கள் கூடுகின்றனர். அது அவர்களுடைய சொந்தக் கதை. வருங்காலக் கதைக்கோ, குறித்த நாளே கூற்றுவன் ஆகிவிடுகிறது.

அப்படியாயின் அக்கற்பனை வீணா? அன்று. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக் கோள்கள் செய்தி பரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவரும் அவரே. 1964 டிசம்பரில் மன்னார்க் கரையையும் தனுஷ்கோடியையும் புயல் தாக்கியபோது, அவ்வுயரத்தில் நின்று மேகங்களை நோக்கும் கோள் ஒன்றேனும் இருக்கவில்லை. இன்று இருக்கின்றன, அவை காட்டும் படங்கள் புயல் எச்சரிக்கைக்கு உதவுகின்றன.

ஒரு கதையின் புகழ் வற்றலாம். அதை எழுதியவரின் சிந்தனை, கதையைப் படித்தறியாத மீனவனையும் கரை சேர்க்கத் துணை நிற்கலாம். புகழை அளப்போர் இதனையும் சேர்த்து அளத்தல் வேண்டும்.