ஊசித்தட்டான் பறந்தால் குளத்துத் தண்ணீர் நல்லதா?



பவானி ஆற்று நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு வரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. சேவூர்ப் பக்கமும் குளத்தில் தண்ணீர் நின்றால், கரைப் புல்லில் ஊசித்தட்டான் வந்துவிடும். உடனே, "தட்டான் பறக்குது, தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எந்த ஊசித்தட்டான் என்று பார்க்காமல் அப்படிச் சொல்லக்கூடாது.

பெரிய தட்டான் உட்காரும்போது இறக்கையை விரித்து வைக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின் மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். உடம்பு ஊசி மாதிரி இருக்கும். நம் குளத்தங்கரையில் இருப்பவை எல்லாம் தூரத்தில் ஒன்று போலவே தெரியும். வெயில் ஏறின பிறகு கரையில் குனிந்து, வாலின் நுனியைக் கவனியுங்கள்.

வால் முழுக்க மஞ்சளாக, வேறு புள்ளியே இல்லாமல் இருந்தால் அது ஒரு வகை. மஞ்சள் வாலின் நுனியில் நீலம் இருந்து, ஆளும் சிறிதாக இருந்தால் அது வேறு வகை. மிகச் சின்னதாக, வால் நுனி செங்கல் நிறத்தில் இருந்தால் மூன்றாவது வகை. இது நெல் வயலிலும் பறந்து, தத்துப்பூச்சியைப் பிடித்துத் தின்னும் நம் நண்பன்.

நான்காவதுதான் முக்கியம். நெஞ்சு பச்சை, வாலின் மேல்புறம் கறுப்பு, நுனிக்குச் சற்று முன்னால் ஒரு நீல வளையம். இதன் பெயர் இஸ்க்னூரா செனகலென்சிஸ். ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை இருக்கிறது. உப்புத் தண்ணீரையும் கழிவு கலந்த தண்ணீரையும் தாங்கும்.

நான் சொன்ன நிறமெல்லாம் ஆணுக்குத்தான். இந்த நான்காவது வகையில் பெண் இளசாக இருக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். அதனால் தனியாகப் பறக்கும் பெண்ணை வைத்து வகை சொல்லாதீர்கள். ஜோடி சேர்ந்திருக்கும்போது ஆணைப் பாருங்கள். பெண் யார் என்பது தானே தெரிந்துவிடும். புதிதாகத் தோல் உரித்து வெளுத்திருப்பவற்றையும் விட்டுவிடுங்கள்.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஊசித்தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்ளேயே வளர்கிறது. தண்ணீர் எப்படியோ, அதற்கு ஏற்ற வகைதான் பிழைக்கும். பல வகை பறந்தால் நல்ல அறிகுறி. வாரக்கணக்கில் பார்த்தும் நீல வளையக்காரன் ஒருவன் மட்டுமே இருந்தால் சந்தேகப்படுங்கள். சாயக் கழிவின் உப்பு நொய்யல் பாசனத்தை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

சந்தேகம் வந்துவிட்டதால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஆகாது. தட்டான் சாடை காட்டும், அளவு சொல்லாது. சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, குளத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவு தெரிந்த பிறகு கடலைக்கோ வாழைக்கோ பாய்ச்சுங்கள்.

கண்ணால் பார்ப்பது முதல் சோதனை, பாட்டில் இரண்டாவது சோதனை. இரண்டையும் செய்யுங்கள்.