பொன்னிழை நெய்யும் கைகள்



மலாய்க்காரர் வீட்டுத் திருமணத்துக்கு நம்மில் பலர் போயிருப்போம். மணமக்களை அன்று 'ஒரு நாள் அரசர், அரசி' என்பார்கள். அதற்கேற்பப் பொன்னிழை மின்னும் உடையணிந்து மேடையில் அமர்ந்திருப்பார்கள். அந்தத் துணிக்குச் சொங்கெட் என்று பெயர். ஒரு காலத்தில் அரண்மனைக்கு உரியதாக இருந்த துணி அது. அதை நெய்தவர் யார் என்று நாம் கேட்டதுண்டா?

நம் நாட்டின் கிழக்குக் கரையில், திரெங்கானுவிலும் கிளந்தானிலும் இது சிறப்பான தொழில். நெய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்வாள். தறியையும் கருவிகளையும் ஆண்கள் செய்து கொடுப்பார்கள்.

சொங்கெட்டின் பூக்கள் ஊசியால் தைத்தவை அல்ல. பாவு நூல்களை எண்ணிப் பிரித்து, வழக்கமான ஊடை நூலோடு சரிகை இழை ஒன்றையும் கூடுதலாகச் செலுத்துகிறார்கள். அந்த இழை சில பாவு நூல்களுக்கு மேலே மிதந்து பூவாகத் தெரிகிறது. இந்தக் கோலத்தைத் தறியில் ஏற்றுவதற்கே முதலில் ஈர்க்குகளைக் கொண்டு நூல்களைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். ஓர் இழை தவறினாலும் பூ கோணிவிடும். கரும்பலகையில் கணக்குச் சொல்லித்தரும் எங்களுக்கே இந்தக் கணக்கு வியப்பாக இருக்கிறது! மூங்கில் குருத்து வரிசையும் சிதறிய பூக்களுமாக, நுட்பமான துணி ஒன்று முடியப் பல மாதங்கள் ஆகலாம்.

சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வீட்டிலேயே தறியில் அமரும் தாய்மார்கள் பலர். வியாபாரி நூலைக் கொடுப்பார். நெய்து கொடுத்த துணிக்குக் கூலி தருவார். தறி நின்றால் வருமானமும் நிற்கும். மழை பெய்த காலையில் பால்மரம் சீவ முடியாமல் திரும்பிய நம் தோட்டத்துத் தாய்மார்களை அறிந்த நமக்கு, இந்தக் கவலை புதிதன்று.

1979ஆம் ஆண்டில் மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சொங்கெட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் பெருமை மட்டும் உலையில் அரிசி போடாது. சொங்கெட் போலத் தோன்றும் அச்சுத் துணி மலிவாகக் கிடைக்கிறது. உழைப்புக்கேற்ற கூலி இல்லையென்றால் எந்த மகள் தறியில் வந்து அமர்வாள்?

ஆகவே நேயர்களே, கைத்தறிச் சொங்கெட்டைக் கடையில் கண்டால், "இவ்வளவு விலையா?" என்று கேட்கும் முன், "இதை நெய்ய எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்போம். துணியைக் கையால் தடவிப் பார்ப்போம். அச்சுப் பூ வழவழவென்றிருக்கும். நெய்த பூ விரலில் தட்டுப்படும். விரலில் தட்டுப்படுவது சரிகை மட்டுமன்று, ஒரு தாயின் உழைப்பும்தான். அதற்குரிய விலையைக் கொடுப்பது தருமம் அன்று, நியாயம்.